யாருடைய மௌனம்? முறியும் மணவாழ்வும் சொற்சிக்கனச் சிறுகதையும்

தமிழின் முதல் சிறுகதை என்று வழக்கமாகச் சொல்லப்படும் வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ (1915), கணவன் ஒருவன் வாய்திறக்காததால் நேர்ந்த சாவின் கதை. அர்பத்நாட் கம்பெனி முறிந்ததில் ருக்மிணியின் தகப்பனார் சொத்தை இழக்கிறார். புகுந்த வீட்டார் நாகராஜனுக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். அவனுக்கு அதில் உடன்பாடில்லை. கடைசி நேரத்தில் அந்தக் கல்யாணத்தைக் கவிழ்த்துவிடுவதாக எண்ணம். நண்பனிடம் அதைச் சொல்கிறான், மனைவியிடம் சொல்லவில்லை. ருக்மிணி குளத்தில் விழுந்து இறக்கிறாள்.

கதையைச் சொல்லும் அரசமரம் மட்டும் எதையும் மறைப்பதில்லை. வருந்துகிறது, வாசகரைக் கூப்பிட்டுப் பேசுகிறது, பெண்கள் மனத்தை நோகடிக்காதீர்கள் என்று கேட்டும் கொள்கிறது. ஐயருக்குப் பின் வந்த அரை நூற்றாண்டில் தமிழ்ச் சிறுகதை இந்த அரசமரத்தை மெல்ல மெல்ல வெட்டிச் சாய்த்துவிட்டது. கதாபாத்திரங்கள் பேசாமல் இருந்ததுபோலவே கதைசொல்லியும் பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டார். அந்த மாற்றத்தை வளர்ச்சி என்றே விமரிசனம் பெரும்பாலும் கொண்டாடியிருக்கிறது.

வளர்ச்சிதானா? முறிந்துகொண்டிருக்கும் ஒரு தாம்பத்தியத்தை எழுதும்போது சொல்லாமல் விடுவது எதைச் சாதிக்கிறது, வாசகரை எதை நம்பவைக்கிறது? இந்தக் கேள்விக்குப் பல காலமாகப் பல பதில்கள் வந்திருக்கின்றன. அவற்றை வரிசைப்படுத்திப் பார்க்கும் இந்தக் கட்டுரை மும்பையை நிற்கும் இடமாக எடுத்துக்கொள்கிறது. இந்தப் பொருளை வாழ்நாள் முழுதும் எழுதிவரும் அம்பை அங்கே வாழ்கிறார் என்பது ஒரு காரணம். மாதுங்கா, செம்பூர், தாராவி என்று மூன்று விதமான தமிழ் வீடுகள் சில மைல் தூரத்துக்குள் இருக்கும் நகரம் அது என்பது இன்னொன்று. மௌனம் என்பது வீட்டின் அளவைப் பொறுத்தும் மாறும் என்பதை அங்கே தவிர்த்துவிட முடியாது.

அகத்திணையிலிருந்து தொடங்குபவர்கள்

முதல் பதில், இது நமக்குப் புதிதல்ல என்பது. தொல்காப்பியம் உள்ளுறையையும் இறைச்சியையும் வகுத்திருக்கிறது. வயலும் பொய்கையும் எருமையும் மருதத்தில் வெறும் காட்சிகளாக நிற்பதில்லை, பரத்தையிடம் போய்வந்த தலைவனைக் குத்திக்காட்டுகின்றன. வடக்கே ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனர் தொனியைக் காவியத்தின் உயிர் என்றார். ஆகவே சொற்சிக்கனம் மேற்கிலிருந்து கப்பலேறி வந்த சரக்கல்ல, அகமரபு இயல்பாகக் கிளைத்ததுதான் என்று இந்தத் தரப்பு வாதிடும்.

இதில் உண்மை உண்டு. பெயர் சொல்லாமல், காரணம் விளக்காமல், ஒரு கணத்தை மட்டும் நிறுத்திக்காட்டும் பழக்கம் நம் காதுக்கு அந்நியமில்லை. ஆனால் இரண்டு இடங்களில் வாதம் தடுக்குகிறது. ஒன்று, அகப்பாட்டின் மறைபொருள் எல்லோருக்கும் தெரிந்த குறியீட்டு ஒப்பந்தத்தின் மேல் நிற்கிறது. திணை தெரிந்தவருக்கு எருமையின் பொருள் தெரியும். நவீனக் கதையில் மேசைமேல் ஆறிப்போகும் காப்பிக்கு அப்படி ஒரு முன்னொப்பந்தம் கிடையாது. இரண்டு, அகத்தில் ஊடல் கூடலை நோக்கியே போகிறது. திருக்குறளின் கடைசி அதிகாரமே ஊடலுவகைதான். ஊடல் தீராமல் உறவே உதிர்ந்துபோவதற்கு மருதத்தில் இடம் ஒதுக்கப்படவில்லை.

மருதத்துத் தலைவி உண்மையில் அவ்வளவு மௌனமானவளும் அல்ல. அவளுக்காகப் பேசத் தோழி இருக்கிறாள், வாயில் மறுக்கிறாள், தலைவனை நேரே ஏசுகிறாள். நவீனக் கதையின் மனைவிக்குத் தோழி இல்லை. சிக்கனத்தின் வேரை அகத்தில் தேடுகிறவர்கள் இந்த இழப்பைக் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

பட்டறைக்காரர்களின் பதில்

இரண்டாவது பதில் எழுத்துத் தொழிலின் உள்ளிருந்து வருவது. சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ (1959–1970) கதையை வரிவரியாகப் பிரித்துப் பார்க்கும் அலசல் முறையை முன்வைத்தது. க.நா.சு.வோ அலசலைவிட ரசனையையும் தரவரிசையையும் நம்பினார். இருவரும் முட்டிக்கொண்ட இடங்கள் பல. ஆனாலும் நல்ல கதை தன்னை விளக்கிக்கொள்ளாது என்பதில் இருவருக்கும் பெரிய பிணக்கு இருந்ததாகச் சொல்ல முடியாது. பின்னால் அசோகமித்திரனின் தணிந்த குரல் இந்தக் கொள்கைக்கு நடமாடும் சான்றாகிவிட்டது.

வெளியுலகத்தில் இதே கொள்கைக்கு ஹெமிங்வேயின் பனிப்பாறை உவமை பெயர் கொடுத்தது. பாறையில் எட்டில் ஒரு பங்குதான் தண்ணீருக்கு மேலே தெரியும் என்று 1932இல் வெளிவந்த காளைச்சண்டை பற்றிய நூலில் எழுதினார். அவருடைய ‘மழையில் பூனை’ (1925) கதையில் இத்தாலிய விடுதியறையில் கணவன் படுத்துக்கொண்டு படிக்கிறான். மனைவிக்கு வெளியே நனையும் பூனை வேண்டும். அவ்வளவுதான். அந்தக் கல்யாணம் என்ன நிலையில் இருக்கிறது என்பதைப் பூனைதான் சொல்கிறது. அரை நூற்றாண்டு கழித்து ரேமண்ட் கார்வர் அமெரிக்கக் கீழ்நடுத்தர வர்க்கத்தின் சமையலறைகளுக்கு இதைக் கொண்டுபோனார்.

கார்வரிடம்தான் இந்தத் தரப்பின் பலவீனமும் வெளிப்பட்டது. 1981இல் வந்து மினிமலிசத்துக்கு வேதநூலாகக் கொள்ளப்பட்ட அவருடைய தொகுதியைப் பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் பாதிக்கும் மேலாக வெட்டியிருந்தார். வெட்டப்படாத மூலப்பிரதி 2009இல் தனி நூலாக வந்தபோது வேறொரு எழுத்தாளர் தெரிந்தார். அவருடைய மனிதர்கள் இன்னும் கொஞ்சம் பேசினார்கள், அழுதார்கள், ஆறுதல் சொன்னார்கள். கால் நூற்றாண்டாக ‘கார்வரின் மௌனம்’ என்று வகுப்பறைகளில் அலசப்பட்டதில் ஒரு பகுதி லிஷின் பேனாக்கோடு. விடுபட்டதெல்லாம் ஆசிரியர் வேண்டுமென்றே விட்டதுதான் என்ற அடிப்படை நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது.

தமிழில் இதற்கு நிகரான விவகாரம் நடந்ததோ இல்லையோ, இடநெருக்கடி எப்போதும் இருந்தது. வார இதழ்களின் ஒரு பக்கக் கதையும் சுருக்கமானதுதான். அதன் சுருக்கத்தை யாரும் கலைத்தவம் என்று சொல்வதில்லை. குறைத்து எழுதுவதற்கும் குறைவாக எழுத வைக்கப்படுவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கதையின் வரிகளை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா என்பது பட்டறைக்காரர்கள் போதுமான அளவு யோசிக்காத கேள்வி.

இன்னொன்று. சிக்கனக்காரர் என்று பேர்பெற்ற கு.ப. ராஜகோபாலனின் ‘சிறிது வெளிச்சம்’ கதையை எடுத்துக்கொள்வோம். வாடகைக்கு இருக்கும் ஒருவன், அதே வீட்டில் கணவனிடம் இரவுதோறும் அடிபடும் சாவித்திரியின் குரலைக் கேட்கிறான். ஓரிரவு தலையிடுகிறான். அவள் இறந்துபோன பிறகு, ரகசியத்தை இனிச் சொல்லலாம் என்று நமக்குச் சொல்கிறான். இந்தக் கதையில் சொற்சிக்கனம் கதைசொல்லியிடம் இருக்கிறது. சாவித்திரி பேசுகிறாள். அந்த இரவில் அவள் பேசுவதுதான் கதையே. ஆக, கு.ப.ரா.வின் சிக்கனம் மனைவியை மௌனமாக்கிய சிக்கனமல்ல. அவள் பேசுவதற்கு மற்றவர்களை ஒதுங்கச்சொன்ன சிக்கனம். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் பாராட்டுவது விமரிசனத்தின் சோம்பல்.

சம்பளமும் சுவரும்

மூன்றாவது தரப்பு முற்போக்கு விமரிசனத்தின் தரப்பு. கா. சிவத்தம்பியின் ‘தமிழில் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்’ (1967) சிறுகதை வடிவத்தையே சமூக மாற்றத்தின் விளைவாகப் படித்தது. க. கைலாசபதி, தொ.மு.சி. ரகுநாதன் ஆகியோரின் பார்வையும் அந்தத் திசையில்தான். இந்த அணுகுமுறையை நம் பொருளுக்குக் கொண்டுவந்தால் அது எழுப்பும் குற்றச்சாட்டு எளிமையானது: தாம்பத்தியம் முறிவதற்குச் சம்பளம், வாடகை, வேலையின்மை, குடி என்று பெயருள்ள காரணங்கள் இருக்கின்றன. சிக்கனக் கதை அவற்றை அடித்துவிட்டு, இரண்டு மனங்களுக்கு நடுவே மட்டும் ஏதோ புதிராக நடப்பதுபோல் காட்டுகிறது.

மும்பையில் இந்தக் குற்றச்சாட்டுக்குத் தசையும் எலும்பும் கிடைக்கின்றன. 1896இன் பிளேக்குக்குப் பின் 1898இல் அமைந்த பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வகுத்த தாதர்–மாதுங்கா மனைகளில்தான் தென்னிந்தியக் குமாஸ்தா வர்க்கம் குடியேறியது. இரண்டு அறை, ஒரு சமையலறை, சாத்திக்கொள்ள ஒரு கதவு. பிரிவினைக்குப் பிறகு அகதிக் குடியிருப்புகளும் தொழிற்சாலைகளும் வந்த செம்பூரில் அடுக்ககங்களும் சாலிகள் எனும் வரிசைக் குடியிருப்புகளும் கலந்தன. தாராவியிலோ, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல்பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் வாரிசுகளுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒற்றைக் கோலி. அதில் மாமியார், பிள்ளைகள், சில சமயம் ஊரிலிருந்து வேலைதேடி வந்த கொழுந்தனும் உண்டு. மராத்தியிலிருந்து வந்த ‘கோலி’ என்ற சொல்லை அங்குள்ள தமிழர்கள் மொழிபெயர்ப்பதில்லை. அறை என்று சொன்னால் வீட்டுக்குள் வேறு அறைகளும் இருப்பதுபோல் ஆகிவிடும்.

இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, பேசாமல், காப்பி ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு தனி இடம் வேண்டும். சிக்கனக் கதையின் மேடைப்பொருளே அந்தத் தனிமைதான். கோலியில் சண்டை எல்லோர் காதிலும் விழுகிறது. மௌனமும் எல்லோர் கண்ணிலும் படுகிறது. அங்கே பேசாமலிருப்பது மனநிலையின் அடையாளமாக இல்லாமல், பிள்ளை தூங்குகிறது என்பதாகவும் இருக்கலாம். பாசு பட்டாச்சாரியா ‘அனுபவ்’ (1971), ‘ஆவிஷ்கார்’ (1974), ‘கிருஹப்ரவேஷ்’ (1979) என்று மணவாழ்வின் விரிசல் பற்றி இந்தியில் எடுத்த மூன்று படங்களும் நடுத்தர வர்க்க பம்பாயின் கதவுசாத்திய வீடுகளைச் சுற்றியே நகர்வது தற்செயல் என்று தோன்றவில்லை.

இருந்தும் இந்தத் தரப்பிடம் ஒரு குறை உண்டு. காரணங்களை எழுதிவிட்டால் கதை எழுதியதாகிவிடும் என்று அது நினைக்கிறது. ஒரே சம்பளம், ஒரே கோலி, ஒரே குடி இருக்கும் இரண்டு வீடுகளில் ஒன்று முறிகிறது, மற்றது நிற்கிறது. அந்த வித்தியாசத்தைத் தொட இந்த முறைக்குக் கருவி இல்லை. கதைக்கு இருக்கிறது.

பேச மறுத்தவளா, பேச விடப்படாதவளா

பெண்ணிய வாசிப்பு கேள்வியையே திருப்பிப் போட்டது. மௌனம் அழகாயிருக்கிறதா என்பது இருக்கட்டும், அது யார்மேல் சுமத்தப்பட்டது என்று கேட்டது. அம்பை, சி.எஸ். லக்ஷ்மி என்ற தம் பெயரில் 1984இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வுநூல், தமிழ் இலக்கியத்தில் பெண்ணுக்கு மாட்டப்பட்ட முகமூடியையும் பின்னாலிருக்கும் முகத்தையும் பற்றியது. பொறுத்துக்கொள்ளும் மனைவி என்ற வார்ப்பு எப்படித் திரும்பத் திரும்ப வார்க்கப்பட்டது என்று அதன் வழியே பார்த்தவர்களுக்கு, நாசூக்கான மௌனத்தை வெறும் உத்தியாகப் பார்ப்பது பிறகு கடினம்.

இந்தக் கோணத்தில் இரண்டு கதைகளைச் சேர்த்து வாசிப்பது பயன்தரும். புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ (1943) கதையில் கல்லிலிருந்து பெண்ணான அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் சொன்னதைக் கேட்டதும் மறுபடி கல்லாகிறாள். அவளுடைய இறுதி மௌனம் ஒரு தீர்ப்பு. அசோகமித்திரனின் ‘விமோசனம்’ வேறு விதம். அடிக்கும் கணவனை சரஸ்வதி ஒரே ஒருமுறை எதிர்த்து நிற்கிறாள். அதற்கு அவன் கொடுக்கும் தண்டனை, அவளோடு பேசுவதை நிறுத்திவிடுவது. அடியைவிட அது அவளைக் குலைக்கிறது. மன்னிப்பு வேண்டி அலைகிறாள். இரண்டு தலைப்புகளும் ஒன்றையொன்று தொடுவதைப் பார்க்காமல் இருக்க முடியாது. பின்னவர் முன்னவரை நினைத்துத்தான் வைத்தாரா என்பது வேறு விஷயம். ஒன்றில் மனைவியின் மௌனம் மறுப்பு, மற்றதில் கணவனின் மௌனம் ஆயுதம். ‘விமோசனம்’ கதையைச் சொற்சிக்கனத்துக்கு எடுத்துக்காட்டாக மட்டும் பாடம் நடத்துகிறவர்கள், அந்தக் கதையே பேசாமையின் கொடுமையைப் பற்றியது என்பதைத் தவறவிடுகிறார்கள். கதைசொல்லியும் பேசுவதில்லை, கணவனும் பேசுவதில்லை. ஆனால் இருவரும் ஒரே காரியத்தைச் செய்யவில்லை.

அம்பையின் சொந்தக் கதைகள் இந்த இடத்தில் சிக்கலானவை. ‘சிறகுகள் முறியும்’ (1967) கதையின் சாயா வெளியே சொல்லாததையெல்லாம் உள்ளே பேசிக்கொண்டே இருக்கிறாள். கஞ்சத்தனமும் தடித்த மனமும் உள்ள கணவனோடு அவள் வாழ்வதை வாசகர் ஊகிக்க வேண்டியதே இல்லை. ‘பிரசுரிக்கப்படாத கைப்பிரதி’யில் ஒரு மகள், குடிகாரக் கவிஞனோடு தன் தாய் வாழ்ந்து முறித்துக்கொண்ட வாழ்வைத் தாயின் எழுத்திலேயே கண்டெடுக்கிறாள். இவை எவ்வகையிலும் மினிமலிசக் கதைகள் அல்ல. தமக்குத் தெரிந்த மௌனத்தை அவர் எழுதிக் கலைக்கிறார், எழுதாமல் அழகுபடுத்துவதில்லை. 2014இல் வெளியான ‘அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு’ நூலில் சுதா குப்தா என்ற துப்பறிவாளரை மும்பைக்குள் அனுப்பியதும் அதே மனப்போக்கின் நீட்சியாகவே படுகிறது: துப்பறிவாளரின் வேலை, மற்றவர்கள் சொல்லாமல் விட்டதைச் சொல்ல வைப்பது.

எழுத்துக்கு வெளியேயும் அவர் அதைத்தான் செய்தார். 1988இல் நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோருடன் அவர் மும்பையில் நிறுவிய ஸ்பாரோ, பெண்களின் குரலையும் படங்களையும் சேமிக்கும் ஆவணக்காப்பகம். அந்தக் காலத்தில் மும்பை வேறு வழிகளிலும் பெண்களைப் பேச வைக்கத் தொடங்கியிருந்தது. செம்பூரை ஒட்டிய தேவனாரில் உள்ள டாடா சமூக அறிவியல் கழகம் 1984இல் நகரப் போலீஸ் அமைப்புக்குள்ளேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சிறப்புப் பிரிவைத் தொடங்கியது. அடிபட்டு வந்த பெண் சொல்வதைச் சமூகப் பணியாளர் உட்கார்ந்து கேட்பதுதான் அதன் முதல் வேலை. முந்தைய ஆண்டு, 1983இல்தான் குற்றவியல் சட்டத்தில் 498ஏ பிரிவு சேர்ந்திருந்தது. மருதத்துத் தோழியை நகரம் இப்படித் திரும்பக் கொண்டுவந்தது என்று சொன்னால் மிகையாகாது.

பெண்ணியத் தரப்பின் பலவீனத்தையும் குறிக்க வேண்டும். எல்லா மௌனத்தையும் ஒடுக்குமுறையின் தழும்பாகப் படித்தால், ‘சாப விமோசன’ அகலிகையின் மறுப்பு கைநழுவிப் போகும். பேசாமலிருக்கவும் ஒருத்திக்கு உரிமை உண்டு. வாக்குமூலம் கொடுப்பதே விடுதலை என்று எண்ணும் பழக்கம் போலீஸ் நிலையத்துக்குப் பொருந்தலாம், கதைக்குப் பொருந்தாது.

வாசகர் போட்டுக்கொள்ளும் வரி

கடைசித் தரப்பு சொல்வன்மை ஆய்வினுடையது. ஒரு வாதத்தில் ஒரு படியைச் சொல்லாமல் விட்டால், கேட்பவர் அதைத் தாமே போட்டுக்கொண்டு, தாம் கண்டுபிடித்ததாகவே நம்பிவிடுவார் என்பது அரிஸ்டாட்டிலின் பழைய கவனிப்பு. வெய்ன் பூத் 1961இல் எழுதிய புனைகதையின் சொல்வன்மை பற்றிய நூல் இதை நாவலுக்கு நீட்டியது. காட்டுவது நடுநிலை, சொல்வது பிரசாரம் என்ற பாகுபாட்டை அவர் ஏற்கவில்லை. எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுத்த கணமே ஆசிரியர் வாதாடத் தொடங்கிவிட்டார்.

இந்த வெளிச்சத்தில் சிக்கனக் கதை மிகவும் தந்திரமான வக்கீல். அது கணவனைக் குற்றம் சொல்வதில்லை. அவன் படுத்துப் படித்துக்கொண்டிருப்பதை மட்டும் காட்டுகிறது. தண்டனையை நாம் எழுதிவிடுகிறோம். ஜும்பா லாஹிரியின் ‘தற்காலிக விஷயம்’ கதையில் பாஸ்டன் நகரத்து இந்தியத் தம்பதி, குழந்தை இறந்து பிறந்த துக்கத்துக்குப் பின், நான்கு இரவுகள் மின்தடை நேரத்தில் இருட்டில் ஒருவருக்கொருவர் ரகசியங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். பேச்சு கூடக்கூட உறவு மீளும் என்று நாம் நம்பிவிடுகிறோம். கதை அப்படி எங்கும் வாக்களிக்கவில்லை. அந்த நம்பிக்கையை நாமே போட்டுக்கொண்டோம், அது உடையும்போது வலிப்பதும் அதனால்தான். உத்தியின் நுட்பம் அதில் இருக்கிறது.

தற்போதைய கோட்பாடுகளில் இந்தத் தரப்பே வலுவானது என்பது இக்கட்டுரையின் கருத்து. ஆனால் இது ஒற்றை வாசகரைக் கற்பித்துக்கொள்கிறது. விட்ட இடத்தில் மாதுங்கா வாசகர் போட்டுக்கொள்ளும் வரியும் தாராவி வாசகர் போட்டுக்கொள்ளும் வரியும் ஒன்றாக இருக்குமென்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஒருவர் ‘பாவம், எங்கே போவாள்?’ என்பார். மற்றவர் ‘அத்துக்கிட்டுப் போக வேண்டியதுதானே?’ என்று கேட்கலாம்.

அத்துவிட்டவர்களின் கதை எங்கே?

அந்த இரண்டாவது கேள்வியை விமரிசகர்கள் எளிதாகக் கடந்துபோய்விடுகிறார்கள். தமிழ்நாட்டின் பல சாதிகளில் மண முறிவு வழக்காறாகவே இருந்தது. அத்துவிடுதல், தீர்த்துவிடுதல், அறுத்துக்கட்டுதல் என்ற சொற்கள் சும்மா பிறக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னால், இரண்டு தரப்பும் சத்தமாகப் பேசி, பாத்திரம் பண்டம் கணக்குப் பார்த்துப் பிரிந்தார்கள். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமே 29ஆம் பிரிவில் வழக்காற்று மணவிலக்குக்கு இடம் விட்டுவைத்திருக்கிறது. அறுத்துக்கட்டும் வழக்கம் இல்லாத சாதிகளுக்குத்தான் அந்தச் சட்டம் புதிய கதவைத் திறந்தது. அதுவும் சட்டம் வகுத்த காரணங்களில் ஒன்றை நிரூபித்தால்.

இதைச் சிறுகதை வரலாற்றின் அருகில் வைத்தால் ஒரு சந்தேகம் எழுகிறது. ‘வெளியேற முடியாத, பேசவும் முடியாத தாம்பத்தியம்’ என்ற பொருளை நம் இலக்கியம் பொது மனித நிலையாக எடுத்துக்கொண்டது, எழுதியவர்களில் பெரும்பாலோர் மணவிலக்கு வழக்கமில்லாத சாதிகளிலிருந்து வந்ததால் இருக்கலாம். மௌனத்துக்கு அழகு கிடைக்கும் முன்பே அதற்குச் சாதி கிடைத்துவிட்டது. இது நிரூபிக்கப்பட்ட முடிவல்ல. ஆனால் சோதித்துப் பார்க்க வேண்டிய ஊகம். வழக்காற்று மணவிலக்கை இலட்சியமாக்கவும் கூடாது. பஞ்சாயத்தில் சத்தமாகப் பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அந்தக் கூட்டத்தில் பெண்ணின் குரல் எவ்வளவு தூரம் எடுபட்டது என்பது தனிக் கேள்வி.

சட்டமும் இந்த விஷயத்தில் ஒரு சுற்று வந்திருக்கிறது. ஜெயகாந்தனின் ‘ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்’ நாவலில் கல்யாணியும் ரங்காவும் பிரிவதற்குக் குற்றம் என்று சொல்லத்தக்க ஏதும் இல்லை. அவர்கள் விவகாரம் வக்கீலிடம் போகிறது, பக்கம் பக்கமாகப் பேசப்படுகிறது. சிக்கனத்துக்கு நேரெதிரான எழுத்து அது. காரணம் சொல்லாமல் பிரிய முடியாத காலத்தில் எழுதப்பட்ட நாவல் காரணத்தைத் தேடிப் பேசித்தான் ஆக வேண்டும். 1976இல் சட்டத்தில் 13பி பிரிவு வந்தது. இருவரும் மனமொத்துப் பிரிய, ஓராண்டு தனித்து வாழ்ந்ததும் சேர்ந்து வாழ இயலாது என்பதும் போதும். ஏன் என்று எழுத வேண்டியதில்லை. அந்த ஒரு வரி மனு, எந்தச் சிறுகதையையும்விடச் சிக்கனமானது.

தீராமல் நிற்பவை

மேற்கண்ட தரப்புகளில் எதுவும் முழுத் தவறு அல்ல. ஆனால் எல்லாமே ‘மௌனம்’ என்ற ஒரே சொல்லின் கீழ் வெவ்வேறு பொருள்களைப் பேசின. கதாபாத்திரம் பேசாதது, கதைசொல்லி விளக்காதது, ஆசிரியர் எழுதாதது, பதிப்பாசிரியர் வெட்டியது, வீட்டின் சுவர் அனுமதிக்காதது ஆகியவை வேறு வேறு. ‘குளத்தங்கரை அரசமர’த்தில் முதலாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை. ‘சிறிது வெளிச்ச’த்தில் இரண்டாவது இருக்கிறது, முதலாவது உடைகிறது. ‘விமோசன’த்தில் இரண்டும் இருந்து ஒன்றையொன்று கண்காணிக்கின்றன. அதனால்தான் இந்த வரிசையில் ‘விமோசனம்’ தேர்ந்த கதை என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார். அங்கே சிக்கனம், தன் உத்தியின் கொடுமையைத் தானே அறிந்திருக்கிறது.

விடை காணப்படாதவை சில உண்டு. தமிழும் இந்தியும் மராத்தியும் கலந்து சண்டைபோடும் வீட்டில் எந்த மொழி நின்றுபோகும்போது உறவு நின்றுபோனதாகக் கொள்வது? மும்பைத் தமிழ்க் கதைகளை இந்தக் கேள்வியோடு யாராவது வாசித்தால் பயனுண்டு. நாஞ்சில் நாடனின் பம்பாய் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருவது மணமாகாத, மணம் தள்ளிப்போன ஆணின் தனிமை. முறிந்த மணத்தின் தனிமைக்கும் அதற்கும் என்ன உறவு என்பது இன்னொன்று. புதியமாதவி போன்று அந்நகரிலேயே வாழ்ந்து எழுதும் பெண்களின் கதைகளை இந்த வரிசையில் வைத்துப் பார்ப்பதும் மிச்சமிருக்கும் வேலை.

எல்லாவற்றுக்கும் முன்னால், சிறுகதை ஆய்வு தன் மேசையைக் கொஞ்சம் நகர்த்தலாம். மணவாழ்வின் முறிவு பற்றிய சொற்கள் பாந்த்ராவில் உள்ள குடும்பநல நீதிமன்றத்திலும் சிறப்புப் பிரிவின் மேசைகளிலும் தினமும் சொல்லப்படுகின்றன. அவை தனிமனிதர்களின் வாழ்க்கை. ஆய்வாளர் கைவைக்க உரிமையில்லாதவை. ஆனால் ஸ்பாரோவின் பதிவுகள் கேட்பதற்கென்றே சேர்க்கப்பட்டவை. அடுத்து ‘விமோசனம்’ பற்றிக் கட்டுரை எழுதப்போகிறவர்கள் அவற்றில் சிலவற்றைக் கேட்டுவிட்டு எழுதட்டும். அந்தக் காப்பகம் தஹிசரில் இருக்கிறது.